கடலைக் கடந்தவர், கடலோடு இருந்தவர்

எட்டாவது படிக்கும்போது ஒரு பிப்ரவரி 28 அன்று பள்ளி மேடையில் ஏறி சி. வி. ராமன் கதையைச் சொன்னேன். கப்பலில் வந்தார். கடலைப் பார்த்தார். ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். நோபல் பரிசு வாங்கினார். நாலு வாக்கியம்தான். நல்ல கைதட்டல்.

சொன்ன நான் அதுவரை கடலைப் பார்த்ததே கிடையாது. வீரகேரளம்புதூர்க்காரனுக்குத் தண்ணீர் என்றால் சிற்றாறு. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் விழுந்து, தென்காசியைத் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேரும்போது அதன் நிறம் நீலம் இல்லை. செம்மண் கரைந்த டீ நிறம். வீட்டுக்கு வந்து பேச்சை ஆச்சியிடம் ஒப்பித்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அப்பொ நம்ம ஆத்துத் தண்ணி ஏம்ல நீலமா இல்ல?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதது பெரிய விஷயமில்லை. நான் சொன்ன கதையில் அந்தக் கேள்வி நுழையவே இடம் இல்லை என்பதுதான் விஷயம்.

பல வருடம் கழித்து, கடல் ஒளியியல் பற்றிய ஒரு பாடநூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதே கதை வேறு உருவத்தில் எதிர்ப்பட்டது. கடல் நிறத்தின் கோட்பாடு வளர்ந்த வரலாற்றைச் சொல்லுமிடத்தில் மூன்று பெயர்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ராமன், 1922. ஷுலேய்கின், 1923. ராமநாதன், 1923. முதல் பெயர் தெரியும். மூன்றாவது, ராமனுடன் கல்கத்தாவில் வேலை செய்த கல்பாத்தி கே. ஆர். ராமநாதன் என்று ஊகிக்க முடிந்தது. நடுவில் இருப்பவர் யார்?

வசீலி விளாதிமீரவிச் ஷுலேய்கின். 1895இல் மாஸ்கோவில் பிறந்தவர், 1979இல் இறந்தவர். சோவியத் கடல் இயற்பியலைத் தொடங்கி வைத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 1923இல் அமெரிக்க இயற்பியல் இதழில் வந்த கட்டுரையில் அவர் பெயருக்கு ஒரு எழுத்துக்கூட்டல், பிற்காலப் புத்தகங்களில் வேறொன்று. இணையத்தில் தேடினால் இரண்டு ஆட்களாகத் தெரிவார். தமிழில் தேடினால் ஒருவராகக்கூடத் தெரியமாட்டார்.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. ஆனால் என் புகார் நம்மைப் பற்றியது. அறிவியலாளரின் வாழ்க்கையை நாம் ஒரு மின்னல் கதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் ராமனைப் பெரியவராக்கவில்லை, சின்னவராக்குகிறது. பக்கத்தில் ஷுலேய்கினை நிறுத்திப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

*

முதலில் ராமனின் எழுத்தை எழுத்தாகவே வாசித்துப் பார்ப்போம். 1921இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சார்பில் போய்விட்டு, செப்டம்பரில் நார்குண்டா கப்பலில் திரும்புகிறார். வயது 32. கையில் ஒரு நிக்கல் பட்டகம். லார்ட் ராலே அதற்கு முன்பே சொல்லியிருந்தார்: ஆழ்கடலின் நீலம் தண்ணீரின் நிறமே அல்ல, வானத்தின் பிரதிபலிப்பு. ராலே சொன்னால் அன்றைக்கு அதுதான் முடிவு.

ராமன் செய்தது மிக எளிமையான காரியம். தண்ணீரின் மேல்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. பட்டகத்தை அதற்குத் தக்கபடி திருப்பினால் பிரதிபலிப்பு அணைந்துவிடும். ராலே சரி என்றால் அப்போது நீலம் காணாமல் போகவேண்டும். போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீலம் தண்ணீருக்குள்ளிருந்துதான் வருகிறது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது ‘நேச்சர்’ இதழுக்கான கடிதம் தயார். அடுத்த வருடம் ராயல் சொசைட்டி வெளியீட்டில் நீண்ட கட்டுரை.

அந்தக் கட்டுரையின் அழகு அதன் துணிச்சலில் மட்டும் இல்லை, அதன் மரியாதையிலும் இருக்கிறது. காலனி நாட்டு ஆசிரியர் ஒருவர் லண்டனில் அச்சாகும் இதழில் ராலேயை மறுக்கிறார். குரலை உயர்த்தவே இல்லை. ஐன்ஸ்டைனும் ஸ்மொலுகோவ்ஸ்கியும் தந்த கணக்கைத் தண்ணீருக்குப் பொருத்துகிறார். தண்ணீரின் மூலக்கூறுகள் காற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் ஒளியைச் சிதறடிக்கும் என்று காட்டுகிறார். நீல ஒளி அதிகம் சிதறும், ஆகவே கடல் நீலம். தண்ணீர் சிவப்பை உறிஞ்சுவதும் உண்டுதான். ஆனால் அது அவர் வாதத்தில் துணைப் பாத்திரம், சிதறல் தரும் நீலத்துக்கு அடர்த்தி கூட்டுவது மட்டும்தான் அதன் வேலை.

இங்கேதான் ஒரு விமர்சகன் நின்று யோசிக்கவேண்டும். சிதறல்தான் கதாநாயகன் என்றால், தண்ணீரைக் கடந்து மறுபக்கம் போகும் ஒளி சிவந்திருக்க வேண்டும். மாலை வானம் அப்படித்தான் சிவக்கிறது. ஆனால் கடலுக்குள் இறங்கும் முக்குளிப்பவர்கள் பார்ப்பது நீலத்தை. சில மீட்டர் நீளக் குழாயில் சுத்தமான தண்ணீரை நிரப்பி ஊடாகப் பார்த்தாலும் மெல்லிய நீலம்தான். தண்ணீர் மூலக்கூறின் அதிர்வுகள் சிவப்பைத் தின்றுவிடுகின்றன. கனநீரில் அந்த அதிர்வுகள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுவதால் அதற்கு நிறமே கிட்டத்தட்ட இல்லை. உறிஞ்சலை 1847இலேயே புன்சன் சொல்லியிருந்தார். ராலேயை வீழ்த்தும் வேகத்தில் ராமன் புன்சனைக் கொஞ்சம் ஓரமாக உட்காரவைத்துவிட்டார். பிரதிபலிப்பு விஷயத்தில் ராமன் முழுச் சரி. தண்ணீரின் சொந்த நிறம் என்ற விஷயத்தில் பாதிச் சரி.

பள்ளிக்கூட மேடையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் ராமனை உண்மையிலேயே மதிப்பதென்றால் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

*

அதே 1921. மாஸ்கோ. உள்நாட்டுப் போரும் பஞ்சமும். அந்த மார்ச் மாதத்தில் லெனின் கையெழுத்திட்ட ஆணைப்படி ஒரு ‘மிதக்கும் கடல் ஆய்வு நிறுவனம்’ பிறக்கிறது. சாப்பாட்டுக்கே வழியில்லாத நாட்டில் கடல் ஆராய்ச்சிக்கு ஒரு கப்பல்! இதன் வடகடல் பயணங்களில்தான், பொறியியல் படித்து இயற்பியலுக்கு வந்திருந்த இளம் ஷுலேய்கின் கடலைக் கற்றுக்கொண்டார். ராமன் கடந்து வந்தது மத்தியதரைக் கடலும் செங்கடலும். வெயில், தெளிவு, அடர்நீலம். ஷுலேய்கினுக்குக் கிடைத்தது பனிக்கட்டிகள் மிதக்கும், ஆறுகள் மண்ணைக் கொண்டு கொட்டும் வடகடல். ஒரே கடல் இங்கே பச்சை, அங்கே சாம்பல், கொஞ்சம் தள்ளிப் போனால் நீலம்.

தெளிந்த கடலைப் பார்த்தவருக்கு மூலக்கூறு போதும். கலங்கிய கடலைப் பார்த்தவருக்குப் போதாது. ஷுலேய்கினின் கோட்பாட்டில் மூலக்கூறு சிதறடிப்பதும், மிதக்கும் துகள் சிதறடிப்பதும், தண்ணீர் உறிஞ்சுவதும் ஒரே கணக்குக்குள் வருகின்றன. எவ்வளவு சிதறுகிறது, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற இரண்டின் விகிதம்தான் கடலின் நிறம். நாயகனும் துணைப் பாத்திரமும் கிடையாது. கல்கத்தாவில் ராமநாதனும் 1923இல் சிதறலையும் உறிஞ்சலையும் சேர்த்துக் கணக்குப் போட்டார் என்பதை இங்கே மறக்கக்கூடாது. குருவின் கட்டுரையை முதலில் நிறைவு செய்தது சீடர்தான்.

ஆச்சியின் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. எங்கள் ஆற்றில் மிதக்கும் மண் எல்லா நிறத்தையும் சிதறடிக்கிறது. மலையில் அழுகிய இலைச்சாறு நீலத்தை உறிஞ்சிவிடுகிறது. மிச்சம் டீ நிறம். அதே விதி, வேறு எண்கள்.

இது வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. 1999இல் இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட் செயற்கைக்கோளில் கடலின் நிறத்தை அளக்க மட்டுமே ஒரு கருவி இருந்தது. மேலிருந்து நிறத்தைப் பார்த்து, நுண்பாசி எங்கே செழித்திருக்கிறது, மீன் எங்கே கூடும் என்று கணித்து, நம் கடற்கரை மீனவர்களுக்குத் தகவல் போகிறது. அந்தக் கணக்கின் அடியில் இருப்பது அதே சிதறல்-உறிஞ்சல் விகிதம்தான்.

*

இருவருடைய பாதையும் இதற்குப் பிறகுதான் பிரிகிறது. ராமன் கடலைக் கடந்தார். சிதறல் அவரை வேறெங்கோ கூட்டிப்போனது. 1923இல் ராமநாதன் சுத்தப்படுத்திய நீரில் ஒளி சிதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூடவே மங்கலாக ஏதோ ஒன்று தெரிந்தது. அசுத்தத்தால் வரும் மினுமினுப்பாக இருக்கும் என்று மறுபடி மறுபடி சுத்தப்படுத்திப் பார்த்தார்கள். போகவில்லை. அந்த மங்கல்தான் 1928 பிப்ரவரி 28இல் வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணனின் உழைப்போடு ராமன் விளைவாக உருவெடுத்தது. அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டல்ஷ்டாமும் படிகத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஷ்யாவில் அதை இன்றும் ‘கூட்டுச் சிதறல்’ என்றுதான் சொல்கிறார்கள். ஏழு வருடத்துக்குள் கல்கத்தாவும் மாஸ்கோவும் இரண்டு முறை ஒரே கதவைத் தட்டியிருக்கின்றன. என் நாலு வாக்கியத்தில் கப்பலுக்கும் நோபலுக்கும் நடுவே ஒரு முற்றுப்புள்ளிதான் இருந்தது. அந்தப் புள்ளிக்குள் ஏழு வருடம், ராமநாதன், கிருஷ்ணன், கண்ணாடிக் குடுவைகள், திரும்பத் திரும்ப வடித்த தண்ணீர், ஒரு மாஸ்கோ எல்லாம் புதைந்து கிடக்கின்றன.

ஷுலேய்கின் கடலோடே இருந்துவிட்டார். 1929இல் கிரிமியாவின் தென்கரையில் கட்சிவேலி என்ற இடத்தில் கருங்கடல் நீரியற்பியல் நிலையத்தைத் தொடங்கினார். கடலைக் கப்பலில் போய் எட்டிப் பார்ப்பது ஒன்று. கரையில் வீடு கட்டி வருடக்கணக்காக அதன் வெப்பத்தை, அலையை, நீரோட்டத்தை அளப்பது வேறொன்று. மேற்பார்வைக்கு இரண்டாவது சலிப்பூட்டும் வேலை. பின்னாளில் அங்கே வளையமாக ஒரு பெரிய தொட்டி கட்டினார்கள். அதில் காற்றை ஓட்டினால் அலை சுற்றிக்கொண்டே இருக்கும், எந்தக் கரையிலும் போய் மோதாது. கரையில்லாத கடலைக் கரையிலேயே செய்து பார்ப்பது! அவர் வாழ்க்கைக்கு ஒரு படிமம் தேடினால் எனக்கு அந்தத் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது.

‘கடலின் இயற்பியல்’ என்ற பெரிய நூலை எழுதினார். 1942இல் அதற்கு ஸ்டாலின் பரிசு. 1943இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கடல் இயற்பியலுக்குத் தனித் துறை. 1946இல் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினர். 1948இல் கடல் நீரியற்பியல் நிறுவனம். அதன் ஆய்வுக் கப்பலான ‘மிகயீல் லமனோசவ்’ 1959இல் அட்லாண்டிக்கின் நிலநடுக்கோட்டில், மேல்பரப்புக்குக் கீழே கிழக்கு நோக்கி ஓடும் பெரிய நீரோட்டம் ஒன்றைக் கண்டது.

*

அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை ‘கடலின் குரல்’. 1930களின் தொடக்கத்தில், வடகடலில், ‘தைமீர்’ என்ற கப்பலில் வானிலைக்கான ஹைட்ரஜன் பலூனை ஊதி வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் வலித்தது. தூரத்தில் புயல். அலைகளின் முகட்டைக் காற்று உரசும்போது நம் காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலி எழுகிறது, அது புயலுக்கு முன்னாலேயே ஓடிவந்துவிடுகிறது, பலூன் அதற்கு அதிர்கிறது என்று ஷுலேய்கின் விளக்கினார். பெயரும் அவர் வைத்ததுதான்.

அருமையான கதை. ஆனால் அந்த வலி ஷுலேய்கினின் காதில் வரவில்லை. கப்பலில் இருந்த நீரியலாளர் பெரியோஸ்கின் காதில் வந்தது. அவர் வந்து சொன்னார், இவர் கோட்பாடு கட்டினார். இந்தப் பக்கம் ராமநாதனின் மங்கல் ஒளி, அந்தப் பக்கம் பெரியோஸ்கினின் காது. கண்டது ஒருவர், பெயர் இன்னொருவருக்கு என்று நான் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. மங்கலாகத் தெரிந்ததை “ஏதோ அழுக்கு” என்று தள்ளாமல் வைத்துக்கொள்ளவும், “காது வலிக்குது” என்று ஒருவர் சொன்னால் உட்காரவைத்துக் கேட்கவும் ஒரு மனம் வேண்டும். அந்த மனம் ராமனுக்கும் இருந்தது, ஷுலேய்கினுக்கும் இருந்தது. நாயகக் கதை இந்தக் குணத்தைத்தான் முதலில் வெட்டி எறிகிறது. ஏனென்றால் அதில் இரண்டாவது ஆள் தேவைப்படுகிறார்.

*

சரி, வீரகேரளம்புதூருக்கும் கருங்கடலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ஷுலேய்கின் பூமியின் தட்பவெப்பத்தை வெப்ப எந்திரங்களாகப் பார்த்தார். நிலநடுக்கோடு கொதிகலன், துருவம் குளிர்கலன், அது முதல் வகை எந்திரம். கடலும் கண்டமும் சேர்ந்தது இரண்டாம் வகை. கோடையில் நிலம் கொதிகலன், கடல் குளிர்கலன். பனிக்காலத்தில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பருவக்காற்று என்பது இந்த எந்திரத்தின் மூச்சு.

ஆனி பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாக எங்கள் ஊருக்கு வருவது அந்த மூச்சுதான். மழையை மலையின் மேற்குப் பக்கமே வாங்கிக்கொள்ளும். குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கும். எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்று மட்டும். துணி காயப்போட்டால் பறக்கும், சுரண்டைப் பக்கம் காத்தாடிகள் சுற்றும், ஆச்சி மேற்கே பார்த்து, “குத்தாலத்துல சாரல் அடிக்கு, ஆத்துல தண்ணி வரும்” என்பாள். மழையை ஆற்றின் வழியாக மட்டும் அறியும் ஊர் அது.

ஷுலேய்கினின் எந்திரப் படிமம் மனதில் பளிச்சென்று பதிகிறது. பதிவதாலேயே அதைச் சந்தேகிக்கவும் வேண்டும். நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடுதான் பருவமழைக்குக் காரணம் என்றால், நிலம் அதிகம் கொதிக்கும் மே மாதத்தில் மழை உச்சத்தில் இருக்கவேண்டும். மழை உச்சம் ஜூலையில், நிலம் நனைந்து ஆறியபிறகு. மழை பொய்க்கும் வருடங்களில்தான் நிலம் இன்னும் சூடாக இருக்கிறது. சுலோச்சனா காட்கில் போன்ற நம் வானிலை அறிவியலாளர்கள் இதை எடுத்துவைத்து, பருவமழையை வெப்பமண்டல மழைப்பட்டையின் வடக்கு நோக்கிய நகர்வாகப் பார்க்கச் சொன்னார்கள். ஆக, ஷுலேய்கினும் பாதிச் சரி. கடலின் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் வானிலை பேசமுடியாது என்ற அவருடைய பிடிவாதம் நின்றது. எந்திரத்தின் வரைபடம் முழுசாக நிற்கவில்லை.

அந்தப் பிடிவாதத்தின் வாரிசுகள் நம் வாசலுக்கும் வந்தார்கள். 1973இல் இந்திய-சோவியத் பருவமழைப் பரிசோதனை, மறுபடி 1977இல். சோவியத் ஆய்வுக் கப்பல்கள் அரபிக்கடலில் நின்று, குற்றாலத்துக்கு வரப்போகும் காற்றைக் கடலிலேயே அளந்தன. 1979 கோடையில் பன்னாட்டுப் பருவமழைப் பரிசோதனை நடந்தது. அந்த ஏப்ரலில் ஷுலேய்கின் இறந்துபோனார்.

*

இன்னொரு பக்கமும் உண்டு. நாம் வளர்ந்த சோவியத் புத்தகங்களில், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மலிவு விலையில் விற்ற அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்களில், அறிவியலாளர் எப்போதும் இயற்கையை வெல்பவர். அவருக்குச் சந்தேகம் வராது, அரசு எப்போதும் துணைநிற்கும். நம் ஊர் மின்னல் கதைக்கு அது அண்ணன் முறை. ஷுலேய்கின் போருக்குப் பின் சில ஆண்டுகள் நாட்டின் நீர்-வானிலைத் துறைக்கே தலைவர். அலை, பனி, கடலுக்கடியில் ஒலி எல்லாம் கடற்படைக்கு வேண்டிய சரக்கு. அவருடைய நிலையம் நின்ற அதே கிரிமியாவிலிருந்து 1944 மே மாதத்தில் தாத்தார் மக்கள் மொத்தமாக ரயிலேற்றி நாடுகடத்தப்பட்டார்கள். கடல் அப்படியே இருந்தது, கரையில் இருந்தவர்கள் இல்லை. இதற்கு ஷுலேய்கினைக் கூண்டில் ஏற்றமுடியாது. ஆனால் இதை விட்டுவிட்டு அந்தக் கரையின் கதையைச் சொன்னால் அது கதை இல்லை, விளம்பரம்.

தமிழில் அறிவியல் எழுத ஆள் இல்லை என்று சொல்லமாட்டேன். நம் நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்த பெ. நா. அப்புஸ்வாமி அரை நூற்றாண்டுக்கும் மேல் எழுதினார். கே. எஸ். கிருஷ்ணன் தமிழில் கட்டுரை எழுதினார். அறிவியலை விளக்க நமக்குத் தெரியும். அறிவியலாளரின் காலத்தை எழுதத்தான் வரவில்லை: தவறிய கணக்கு, பக்கத்து மேசை ஆள், பாதிச் சரி, பதினைந்து வருடம் ஒரே கரையில் உட்கார்ந்திருக்கும் சலிப்பு. நாவலில் இதையெல்லாம் கேட்கும் வாசகர்கள் நாம். ஒரு பாத்திரம் நாலு வாக்கியத்தில் ஜெயித்தால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவோம். ராமன் விஷயத்தில் மட்டும் ஏன் கைதட்டுகிறோம்?

இன்றைக்கு அந்த மேடையில் ஏறச் சொன்னால், கப்பலிலிருந்துதான் தொடங்குவேன். ராலே தப்பு என்று காட்டினார் என்பேன். ஆனால் பாதிதான் சரி, மீதியை ராமநாதனும், அவர்கள் முகம் பார்த்திராத ஒரு ரஷ்யரும் சொன்னார்கள் என்பேன். பிறகு ஏழு வருடம் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள் என்பேன். பேச்சு நீளும், கைதட்டல் குறையும். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் எழுந்து, நம் ஆற்றுத் தண்ணீர் ஏன் நீலமாக இல்லை என்று கேட்கலாம். கேட்டால், அந்தக் கதைக்குள் அதற்குப் பதில் இருக்கும்.